நூறு கிலோ பச்சை, ஆறு கிலோ தீவனம்: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நான்கு நாட்கள்

ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஏக்கர் குளத்தில் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றையும், அவற்றோடு கொஞ்சம் புல்கெண்டையையும் ஐந்து ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். மீன் வளர்ப்பில் ஆகும் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போய்விடும் என்பது இத்தொழிலில் இருக்கும் எவருக்கும் தெரிந்ததுதான். கடலைப் புண்ணாக்கும் தவிடும் சம அளவில் கலந்து, ஓட்டை போட்ட பைகளில் கட்டிக் குளத்தில் தொங்கவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். சென்ற ஆண்டு புண்ணாக்கின் விலை ஏறியபோது, அசோலா என்ற மிதக்கும் நீர்ப்பெரணியை வளர்த்தால் தீவனச் செலவு பாதியாகக் குறையும் என்று பலர் சொல்லக் கேட்டேன். பாரூருக்கு அருகில் என் மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணன் மூன்று ஆண்டுகளாக அசோலாவும் ஜிலேபிக் கெண்டை (திலாப்பியா) மீனும் வளர்த்து வருவதால், கேட்டதை நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். இரவில் தூங்குவதற்கு முன் எழுதி வைத்த குறிப்புகளை, ஊர் திரும்பிய பிறகு விரித்து எழுதி நாளுக்கொன்றாகப் பதிவிடுகிறேன்.

மே 8, வியாழன் – ஓசூர், கெலவரப்பள்ளி

தஞ்சாவூரில் அனலாகக் கொதித்த காற்றுக்குப் பிறகு, அதிகாலை ஓசூரில் இறங்கியபோது தோளில் துண்டைப் போர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது. கடல் மட்டத்திலிருந்து 850 மீட்டருக்கும் மேலே இருக்கும் ஊர் என்பதை உடம்பே சொல்லிவிடுகிறது. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் பதினைந்து ரூபாய்க்குத் தேநீர் குடித்தேன். கடைக்காரர் என்னிடம் தமிழிலும், அடுப்படியில் நின்றவரிடம் தெலுங்கிலும், பால் கொண்டுவந்தவரிடம் கன்னடத்திலும் பேசினார். ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது அவருடைய குரலோ கையோ ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

ஓசூரில் எனக்கு வேறு வேலை இல்லை. தென்பெண்ணை தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் தேங்கும் முதல் அணையான கெலவரப்பள்ளியைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்க வேண்டும் என்பதே திட்டம். நந்தி மலையில் பிறக்கும் இந்த ஆறு பெங்களூரின் கிழக்குப் புறமாக வருகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் உபரிநீரும் வழியில் இதில் கலக்கிறது. அணையிலிருந்து திறக்கும் நீர் வெள்ளை நுரையாகப் பொங்குவதைச் செய்திகளில் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். நான் போன அன்று நுரை குறைவாகத்தான் இருந்தது. மதகுக்குக் கீழே பாறை இடுக்குகளில் சோப்புத் தண்ணீரைக் கொட்டி வைத்ததுபோல் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அதன் வாடை தொண்டையில் இறங்கி மதியம் வரை போகவில்லை.

என் கண்ணில் முதலில் பட்டது நுரை அன்று, பச்சை. ஆற்றோரத் தேக்கங்களில் வெங்காயத்தாமரை இடுப்பளவு உயரத்துக்கு, இலை ஒன்றுகூடப் பழுக்காமல், ஊதாப் பூக்களோடு செழித்து நின்றது. இச்செடியைச் சிலர் ஆகாயத்தாமரை என்கிறார்கள். வேறு சில ஊர்களிலோ முட்டைக்கோஸ் போல மிதக்கும் வேறொரு செடிக்கு அதே பெயர் வழங்குகிறது. ஆகவே தீவனம் பற்றிப் பேசும்போது, எந்தச் செடி என்பதை இலைக்காம்பு வெங்காயம்போல் புடைத்திருக்கிறதா என்று பார்த்துத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடியின் இலையைக் காயவைத்து அரைத்து மீன் தீவனத்தில் சேர்க்கும் ஆய்வுகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. எங்கள் ஊர் வாய்க்காலிலும் இது மண்டிக் கிடப்பதால், காசில்லாத தீவனம் என்ற ஆசை எனக்கும் இருந்தது.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், "இந்த இலையை ஆடு தின்னுமாம்மா?" என்று கேட்டேன். கையிலிருந்த குச்சியால் ஒரு குட்டியைத் தண்ணீரிலிருந்து விலக்கிக்கொண்டே, "தின்னா தின்னும் சாமி, நான் உடமாட்டேன். இந்தத் தண்ணியக் குடிக்கவே உடறதில்ல" என்றார். ஆட்டுக்குத் தண்ணீரை வீட்டிலிருந்து குடத்தில் கொண்டுவந்திருந்தார். நிழலில் வைத்திருந்த அந்தக் குடத்திலிருந்து ஒரு சொம்பு எடுத்து எனக்கும் கொடுத்தார்.

அந்த அம்மா கண்ணால் பார்த்து அறிந்ததைத்தான் ஆய்வுக்கூடங்களும் சொல்கின்றன. வெங்காயத்தாமரை, அசோலா, பொட்டுப்போல் சிறிய இலையுள்ள லெம்னா ஆகிய மிதவைச் செடிகள் நீரிலுள்ள ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற உலோகங்களை உறிஞ்சித் தம் உடலில் சேர்த்துக்கொள்கின்றன. கழிவுநீரைச் சுத்திகரிக்க இவற்றைப் பயன்படுத்துவதற்குக் காரணமே இதுதான். அப்படிச் சுத்திகரித்த செடியை மீனுக்குப் போட்டால், நீரிலிருந்து எடுத்த நஞ்சை மறுபடியும் நம் தட்டுக்கே கொண்டுவந்ததாகிவிடும். செடியின் செழிப்பு நீரின் தூய்மைக்குச் சான்று அன்று. கழிவில் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுதி என்பதால் அது அங்கேதான் மிகச் செழிப்பாக வளரும்.

மே 9, வெள்ளி – கிருஷ்ணகிரி அணை

ஓசூரின் குளிர் கிருஷ்ணகிரி வரை வரவில்லை. பத்து மணிக்கே தார்ச்சாலையில் கானல் ஆடியது. சாலையோரம் முழுக்க மாம்பழக் கூடைகள். செந்தூரா கிலோ அறுபது ரூபாய் சொன்னார்கள். இரண்டு கிலோ வாங்கியதும், "வண்டில சூடு அதிகம், இன்னிக்கே சாப்பிட்ருங்க" என்று சொல்லி, காயாக இருந்த ஒன்றை அவராகவே எடுத்து மாற்றிக் கொடுத்தார் விற்றவர்.

காமராசர் 1957இல் திறந்துவைத்த அணை இது. அதே ஆண்டு ஜூலை 10ஆம் நாள் கட்டாக்கில் கெண்டை மீன்களுக்கு ஊசி போட்டு முட்டையிடச் செய்வதில் ஹீராலால் சௌத்ரி வெற்றி கண்டார். எங்களைப் போன்றவர்கள் ஆற்றில் குஞ்சு தேடி அலையாமல் பொரிப்பகத்தில் விலைக்கு வாங்க முடிவது அதனால்தான். அணையில் தேங்கும் நீரையும் குளத்தில் விடும் குஞ்சையும் தனித்தனியே நினைத்துப் பழகியிருந்த எனக்கு, இரண்டும் ஒரே ஆண்டில் தொடங்கியவை என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

அணைக்குப் போகும் வழியில் மீன் பொரிக்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இரும்புச் சட்டியில் மிளகாய் விழுது தடவிய ஜிலேபி, கட்லாத் துண்டு, சின்ன மீன் என எதைச் சுட்டினாலும் கண் முன்னே பொரித்துத் தருகிறார்கள். நூறு ரூபாய்க்கு இரண்டு முழு ஜிலேபி வாங்கினேன். வெளிப்புறம் மொறுமொறுப்பாகவும் முள்ளோரம் ஈரமாகவும் நன்றாகவே இருந்தது. 1952இல் இந்தியாவுக்கு வந்த பழைய ஜிலேபி கையளவுக்கு மேல் வளராமல் குளமெல்லாம் குஞ்சு பொரித்துத் தள்ளும். இப்போது பண்ணைகளில் வளர்ப்பது, 1988இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய தேர்ந்தெடுத்த இனப்பெருக்கத்தில் உருவான 'கிஃப்ட்' வகை. பாசி, இலை, தவிடு என எதையும் தின்று செரிக்கும் குடல் இதற்கு இருப்பதால், செடியைத் தீவனமாக்கும் முயற்சிக்கு விராலைவிட இது எவ்வளவோ ஏற்றது. ஊன் தின்னும் விராலுக்கு இலைத்தூளைக் கொடுத்து வளர்க்க நினைப்பது புலிக்குப் புல் போடும் கதைதான்.

மாலையில் காவேரிப்பட்டணத்தில் இறங்கி, வீட்டுக்கு வாங்கிப்போக ஒரு கடையில் நிப்பட்டு கேட்டேன். சூடாக எடுத்து முதலில் ஒன்றைக் கையில் கொடுத்து, "தின்னு பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார் கடைக்காரர். அங்கிருந்து பாரூர் போய்ச் சேர இருட்டிவிட்டது. மச்சான் வீட்டில் அக்கா கேழ்வரகுக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் செய்து வைத்திருந்தார். களியை மெல்லக் கூடாது, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும் என்று அவர்களுடைய சின்னப் பையன் எனக்குச் சொல்லிக் கொடுத்தான்.

மே 10, சனி – பாரூர்

பாரூர் பெரிய ஏரிக்குத் தென்பெண்ணையின் நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக நீர் வருகிறது. மீன்வளப் பல்கலைக்கழகத்தின் நீருயிரி வளர்ப்பு மையமும் இவ்வூரில் இருப்பதால், சுற்றுவட்டாரத்தில் பண்ணைக்குட்டை வைத்திருப்பவர்களுக்கு மீனைப் பற்றிய பேச்சு நெல்லைப் பற்றிய பேச்சுபோலச் சாதாரணமாக இருக்கிறது. விடியற்காலை ஏரிக்கரையில் நடந்தபோது, நீருக்குள் மண்டி, அள்ள அள்ளக் குறையாத வேலம்பாசிச் செடியைக் கண்டு, "இதை எடுத்துப் போடக் கூடாதா மச்சான்?" என்று கேட்டேன்.

"இது ஓசூரு வழியா வர்ற ஆத்துத் தண்ணி மாப்பிள்ளை. கெட்டுக் கெடக்குதுன்னு நான் சொல்லல. சோதிச்சுப் பாக்காத தண்ணில வளந்தத என் மீனுக்குப் போடமாட்டேன், அவ்வளவுதான்" என்றார். அவருடைய அசோலாத் தொட்டிகள் பத்துக்கும் ஆழ்குழாய் நீர்தான் பாய்கிறது. முந்தாநாள் கெலவரப்பள்ளியில் ஆடு மேய்த்த அம்மா சொன்னதை அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டாரே தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

தொட்டி என்றால் சிமென்ட் கட்டடம் அன்று. இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலத்தில் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, அதன்மேல் சில்பாலின் என்ற பிளாஸ்டிக் தாளை விரித்து, சலித்த மண்ணைப் பரப்பி, சாணிக் கரைசலும் கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட்டும் கலந்து, பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிறுத்தியிருக்கிறார். அசோலாவின் இலைக்குள் குடியிருக்கும் அனபீனா என்ற நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுப்பதால், யூரியா போட வேண்டியதில்லை, மணிச்சத்துத்தான் (பாஸ்பரஸ்) வேண்டும். அது குறைந்தாலும் வெயில் மிஞ்சினாலும் செடி சிவந்துவிடுகிறது. மே மாத வெயிலுக்காக மேலே பச்சை நிழல்வலை கட்டியிருந்தும், ஓரத் தொட்டிகள் இரண்டு செங்கல் நிறமாக மாறியிருந்தன. 35 டிகிரிக்கு மேல் போனால் வளர்ச்சி நின்றுவிடும் என்றும், மார்கழியில் ஒரு தொட்டி தரும் அளவைச் சித்திரையில் இரண்டு தொட்டிகள் சேர்ந்தும் தருவதில்லை என்றும் சொன்னார். ஆண்டு முழுவதும் ஒரே விளைச்சல் என்று கணக்குப் போடுபவர்கள் கோடையில் ஒரு முறை வந்து பார்க்க வேண்டும்.

கணக்கு என்றதும் அவர் ஒரு பழைய நோட்டை எடுத்துவந்து திண்ணையில் உட்கார்ந்தார். நான் இந்தப் பயணத்தில் கற்றது பெரும்பாலும் அந்த ஒரு பக்கத்தில்தான் இருந்தது. நல்ல பருவத்தில் ஒரு தொட்டியில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 700 கிராம் அறுக்கலாம். பத்துத் தொட்டிகளுக்கு ஏழு கிலோ. நூறு கிலோ சேர இரண்டு வாரங்கள் ஆகும். அந்த நூறு கிலோவில் தொண்ணூற்று நான்கு கிலோ வெறும் தண்ணீர். காயவைத்தால் மிஞ்சுவது ஆறு கிலோ. அந்த ஆறு கிலோவில் புரதம் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, அதாவது ஒன்றரை கிலோவுக்குள். அதே ஒன்றரை கிலோப் புரதத்தைத் தர மூன்றரை கிலோக் கடலைப் புண்ணாக்கு போதும். கிலோ ஐம்பது ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு வாரம் அறுத்து, அலசி, காயவைத்து, அரைத்த உழைப்பின் மதிப்பு நூற்றெழுபத்தைந்து ரூபாய்தான். பாதிச் செலவு குறையும் என்ற பேச்சை நம்பி வந்தவனுக்கு இந்தக் கணக்கு முதலில் வருத்தமாகவே இருந்தது.

"அப்புறம் எதுக்கு மூணு வருஷமா செய்றீங்க?" என்று கேட்டேன்.

பதில் சொல்லாமல் என்னைப் பின்புறக் குட்டைக்கு அழைத்துப் போனார். அங்கே மூங்கிலால் கட்டிய சதுரச் சட்டம் ஒன்று மிதந்துகொண்டிருந்தது. அலசிய பச்சை அசோலாவை ஒரு கூடை அதற்குள் கொட்டியதும், சிறிது நேரத்தில் புல்கெண்டைகள் அடியிலிருந்து வந்து சட்டத்துக்குள் இழுத்து இழுத்துத் தின்னத் தொடங்கின. வாய் உறிஞ்சும் ஓசை கரைவரை கேட்டது. 1959இல் ஹாங்காங்கிலிருந்து கட்டாக்குக்கு வந்த இந்த மீனுக்குத் தொண்டைக்குள் பல் இருக்கிறது. வேலம்பாசி, லெம்னா, அசோலா என்று பச்சையாகவே அரைத்துத் தின்னும். இதற்குக் காயவைக்க வேண்டாம், அரைக்க வேண்டாம். ஒரு கிலோ மீன் வளர முப்பது முதல் ஐம்பது கிலோ வரை பச்சை வேண்டியிருந்தாலும், தின்றதில் பாதி செரிக்காமல் வெளியே வந்து குளத்துக்கே எருவாகிறது. அந்த எருவில் பெருகும் நுண்ணுயிர் மிதவைகளைக் கட்லா தின்கிறது. ஒரே கூடை இலை இரண்டு மீன்களுக்கு உணவாகும்போதுதான் கணக்கு நேராகிறது என்பதை அந்தக் குட்டைக்கரையில் புரிந்துகொண்டேன்.

சட்டம் எதற்கு என்றும் கேட்டேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், தின்னாமல் மிஞ்சிய அசோலாவும் அதோடு வந்த லெம்னாவும் குட்டை முழுவதும் பாய் விரித்ததுபோல் பரவிவிட்டனவாம். வெளிச்சம் உள்ளே போகாமல் நீர் மூச்சடைத்து, ஒரு விடியற்காலை மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கின்றன. மோட்டாரைப் போட்டுத் தண்ணீரைப் பீய்ச்சியடித்தும் எழுபது மீன்கள் போய்விட்டன. அன்றிலிருந்து நீர்ப்பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் பச்சையை விடுவதில்லை.

ஜிலேபிக்கு மட்டும் காய்ந்த தூள் தயாரிக்கிறார். புண்ணாக்கு, தவிடு, கருவாட்டுத் தூள் ஆகியவற்றோடு அசோலாத் தூளை நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கு மிகாமல் சேர்த்து, பிடிப்புக்கு மரவள்ளி மாவைக் காய்ச்சி ஊற்றிப் பிசைந்து, முறுக்குப் பிழிவதுபோல் பிழிந்து காயவைக்கிறார். ஜவ்வரிசி ஆலைகள் நிறைந்த வட்டாரம் என்பதால் மரவள்ளி மாவுக்குப் பஞ்சமில்லை. மாவெடுத்த பின் மிஞ்சும் சக்கையான திப்பியும் மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் அதில் புரதம் அநேகமாக இல்லை என்பதால் கொஞ்சம்தான் சேர்ப்பாராம். பதினைந்துக்கு மேல் ஏற்றிப் பார்த்தபோது மீன் தின்றது, ஆனால் எடை ஏறவில்லை. இலையிலுள்ள நார், டானின், பைட்டிக் அமிலம் ஆகியவை செரிமானத்தைத் தடுக்கின்றன. சாந்திநிகேதன் விஸ்வபாரதியில் 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மீன் குடலிலிருந்தே பிரித்தெடுத்த நுண்ணுயிரால் லெம்னா இலைத்தூளைப் புளிக்கவைத்து ரோகுக் குஞ்சுகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். புளிக்காத தூளை நூற்றுக்குப் பத்துப் பங்குவரைதான் சேர்க்க முடிந்த இடத்தில், புளித்த தூளை முப்பது வரை சேர்க்க முடிந்தது. நம் வீடுகளில் மாவு புளிக்கவைப்பது அன்றாட வேலையாயிற்றே, இதை ஏன் ஊர்தோறும் செய்து பார்க்கக் கூடாது என்று இருவரும் வெகுநேரம் பேசினோம்.

பேச்சின் நடுவே பிழை ஒன்று என்னால் நேர்ந்தது. களத்தில் மூன்று நாட்களாக நிழலில் உலர்ந்துகொண்டிருந்த அசோலாவைப் படம் எடுப்பதற்காக, மூடியிருந்த தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிவிட்டு, திரும்ப மூடிக் கல் வைக்க மறந்துவிட்டேன். மூன்று மணிக்குக் கிழக்கே கறுத்த வானம் கால் மணி நேரத்தில் கோடை மழையாகக் கொட்டியது. ஓடிப் போய்ப் பார்ப்பதற்குள் பாதிக்கு மேல் நனைந்து, கையில் எடுத்தால் கீரை மசியல்போல் ஒட்டியது. மறுபடி காயவைக்கலாமே என்றேன். வேண்டாம் என்று மறுத்துவிட்டார். நனைந்து காய்ந்ததில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை நஞ்சு புண்ணாக்கானாலும் இலையானாலும் மீனின் ஈரலைக் கெடுத்துவிடும். நாற்பது கிலோப் பச்சையின் உழைப்பு அது. "உடுங்க மாப்பிள்ளை, எருக்குழிக்குத்தான் போவுது, வீணாப் போவல" என்று சொல்லி அவரே மண்வெட்டியால் அள்ளினார். அக்கா சூடாகக் கொள்ளு ரசம் கொண்டுவந்து, "மழைல நனஞ்சிட்டீங்க தம்பி, குடிங்க" என்று கொடுத்தார். இருவரும் ஒரு சொல் கடிந்து பேசாததே எனக்கு அன்றிரவு தூக்கத்தைக் கெடுத்தது.

மே 11, ஞாயிறு – போச்சம்பள்ளி, ஊர்

ஞாயிற்றுக்கிழமை என்பதால் போச்சம்பள்ளிச் சந்தை. ஆடு, கோழி, விதை, கயிறு, பழைய இரும்பு என்று கண் கொள்ளாத கூட்டம். கடலைப் புண்ணாக்கு விற்ற இருவரிடம் விலை கேட்டேன்: ஒருவர் ஐம்பத்திரண்டு, இன்னொருவர் நாற்பத்தெட்டு. மலிவாகச் சொன்னவரின் மூட்டையை மச்சான் முகர்ந்து பார்த்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு நகர்ந்தார். நிழல்வலை பத்து மீட்டரும், அசோலா அலச ஒரு மூங்கில் சல்லடையும் வாங்கினேன், சல்லடை நூற்றிருபது.

விதைக்காக இரண்டு கிலோ அசோலாவை ஈரச் சாக்கில் பொதிந்து கூடையில் வைத்துத் தந்திருந்தார்கள். தருமபுரியில் ஏறிய பேருந்தில் கூடையிலிருந்து நீர் வழிந்து முன் இருக்கைக்காரரின் பையை நனைத்துவிட்டது. நான் மன்னிப்புக் கேட்பதற்குள், அவர் மூடியைத் திறந்து பார்த்து, "மாட்டுக்கா?" என்று கேட்டார். மீனுக்கு என்றேன். தன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து, "சேலம் வரைக்கும் காயாம இருக்கட்டும்" என்று சாக்கின்மேல் தெளித்துவிட்டுத் தருமபுரி மாடுகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

நள்ளிரவில் வீடு சேர்ந்து சாக்கைப் பிரித்தபோது மேலடுக்கு முழுவதும் பழுப்பாகியிருந்தது. அடியில் ஏறக்குறைய ஒரு கிலோ பச்சையாகவே இருந்தது. கிளம்பும் முன் பத்துத் தொட்டிகளுக்கு அளந்து அடித்து வைத்திருந்த முளைக்குச்சிகளில், மறுநாள் காலை எட்டுத் தொட்டிகளுக்கு உரியவற்றைப் பிடுங்கினேன். வேப்பமர நிழலில் இருந்த இரண்டை மட்டும் விட்டு, அவற்றில் ஆழ்குழாய் நீரைப் பாய்ச்சி, அரை அரை கிலோவாகத் தூவினேன். புல்கெண்டைக் குஞ்சு இன்னும் இருநூறு வேண்டும் என்று பொரிப்பகத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.